அம்மாவின் ஒற்றைக்கால் விரதம்

எங்கள் அம்மாவைக் குடிகாரி என்று முதலில் சொன்னவர், விடிந்ததும் சம்சு சாராய வாடையோடு கோயில் குழாயில் முகம் கழுவ வரும் ஒரு மாமா.

"காலு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போவுது பாத்தியா? இந்த நடை நமக்குத் தெரியாதா லா," என்றார்.

அனுபவசாலியின் கருத்து. தோட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் அப்பா குடித்தே போனவர் என்பதால் கதை இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. "புருசன் மிச்சம் வெச்சிட்டுப் போனத பொண்டாட்டி முடிக்கிறா" என்று என் காதுபடவே பேசினார்கள். அம்மா தன் வாழ்நாளில் சம்சு போத்தலைத் தொட்டது, உள்ளே இருப்பதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கழுவி எண்ணெய் நிரப்பி வைக்க மட்டும்தான்.

எங்கள் தோட்டம் மலேசியாவில், சிரம்பான் டவுனுக்கு வெளியே, சுவா பக்கம். எங்கள் தோட்டம் என்றால் நாங்கள் குடியிருக்கும் தோட்டம். நிலம் கம்பெனியுடையது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுவதெல்லாம் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியாக்காரர்களும்தான். மிச்சமிருக்கும் தமிழர்கள் கம்பெனி கட்டிய லயத்து வரிசை வீட்டில் படுத்துக்கொண்டு டவுனுக்கு வேலைக்குப் போகிறோம். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சிரம்பானில் ஒரு ஹார்ட்வேர் கடை லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிறேன். அம்மா மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள், சீக்கு வரும்வரை.

அந்தச் சீக்குக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பேர். பேரைக் கண்டுபிடிக்கவே ஆஸ்பத்திரியில் எங்களை ரொம்ப நாள் அலைய விட்டார்கள். கடைசியில் ஒரு தமிழ் டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். மூளையிலிருந்து போகிற நரம்புக்கு மேலே, கரண்டு வயருக்கு இருக்கிற மாதிரி ஓர் உறை இருக்கிறதாம். உடம்பே அந்த உறையைத் தின்றுவிடுகிறதாம். கால் தள்ளாடுவதும் சீக்கிரம் அசந்துபோவதும் கண் மங்குவதும் அதனால்தானாம்.

"எலி கடிச்ச வயரு மாதிரியா டாக்டர்?" என்றாள் அம்மா.

"அப்படித்தாம்மா. ஆனா எலி வெளியேருந்து வரல."

"உள்ளுக்குள்ளயே இருந்தா பூனைய எங்கன்னு வுடறது?"

டாக்டர் சிரித்தார். மருந்து எழுதினார். பூனை இல்லை என்றார். எலியைக் கொஞ்சம் தூங்கவைக்கத்தான் முடியும் என்றார்.

தோட்டத்தில் வந்து இதைச் சொன்னபோது ஆட்களுக்கு ஏமாற்றம். குடி இல்லை என்று தெரிந்ததில் அப்படி ஒரு வருத்தம். பிறகு அவர்களே ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். குடித்ததால் வந்த சீக்கு.

அம்மா முதல் தடவை விழுந்தது குளியலறையில். மணிக்கட்டு வீங்கியது. இரண்டாவது தடவை வீட்டுக்கு முன்னால் சாக்கடை ஓரம். நெற்றியில் தையல் போட்டார்கள். அன்று மந்தினிலிருந்து அக்கா வந்தாள். அக்கா கல்யாணம் ஆகி அங்கே அடுக்குமாடியில் இருக்கிறாள். என்னைப்போல் இல்லை. படித்தவள், ஆபீஸ் வேலை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடு வீட்டில் நின்றாள்.

"இன்னொரு தடவ விழுந்த, அவ்ளோதான். மந்தினுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். பேச்சே கெடையாது."

"தூக்கிட்டுப் போக நான் என்ன லா, அடுப்பு கேஸ் தோம்பா?"

"சிரிக்காதம்மா. நான் வெளையாடல."

அவள் விளையாடவில்லைதான். அம்மாவுக்கும் தெரியும். அக்கா போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"டே, அங்க போனா என்னைய டீவி முன்னாடி ஒரு நாக்காலியில உக்கார வெச்சிருவாங்க. தண்ணி வேணுமான்னு கேப்பாங்க, கக்கூஸு வருதான்னு கேப்பாங்க. நல்லாதான் பாத்துப்பா. ஆனா ஒரு தடவ உக்காந்துட்டேன்னா அப்பறம் எழுந்திரிக்க மாட்டேன். என் வூட்டு கக்கூஸுக்கு நானே நடந்து போவணும்டா. அது போதும் எனக்கு."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்கு ஒரே வழி, விழாமல் இருப்பது.

விழாமல் இருக்கப் பயிற்சி இருக்கிறது என்பதே எனக்குப் புதுசு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தார். எங்கள் அக்காவைவிடச் சின்ன வயசு. பாஜு கூரோங் என்கிற நீள உடுப்புக்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து போட்டிருப்பார். அம்மாவை மாக்சிக், மாக்சிக் என்று பெரியம்மா முறை வைத்துக் கூப்பிடுவார். இரண்டு காலையும் சேர்த்து நிற்கச் சொல்வார். தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்வார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கவேண்டும், பிறகு கம்பியில் ஒரே விரல், பிறகு அதுவும் இல்லாமல். கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். கோடு போட்டு, முன்கால் குதியைப் பின்கால் விரலில் ஒட்டி ஒட்டி நடக்க வேண்டும். பார்த்தால் சும்மா பிள்ளை விளையாட்டுபோல இருக்கும். அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டும்.

சட்டங்களும் நிறைய. சூடு ஆகாது. உடம்பு சூடானால் இந்தச் சீக்கில் கால் இன்னும் மோசமாகும். அதனால் காலையில் வெயில் ஏறுமுன்னே, குளித்துவிட்டுச் செய்ய வேண்டும், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளலாம். அசதி வருமுன்னே நிறுத்திவிட வேண்டும். கால் போகப்போகிறது என்று தெரிந்தால் சண்டை போடக்கூடாது, முட்டியை மடக்கி, கையை ஊன்றி, தானாகவே உட்கார்ந்துவிட வேண்டும். தரையிலிருந்து நாற்காலியைப் பிடித்து எழும்பவும் சொல்லிக்கொடுத்தார்.

எனக்கும் ஒரு சட்டம் இருந்தது.

"அடேக், ஜாஙான் பெகாங்," என்றார். தம்பி, பிடிக்காதே என்று அர்த்தம். பக்கத்திலேயே நில், கையை ஒரு சாண் தள்ளி வைத்திரு, ஆனால் தொடாதே. நீ பிடித்தால் அம்மாவின் உடம்பு உன்னை நம்பும், தன்னை நம்பாது. திடீரென்று யாராவது பிடித்து இழுத்தால் இருக்கிற நிதானமும் போய்விடும்.

இதைத்தான் தோட்டத்தில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. எங்கள் ஆட்களுக்கு அன்பு என்றாலே முழங்கையைப் பிடித்து இழுப்பதுதான். ஒரு மனுஷி கொஞ்சம் ஆடினால் போதும், நான்கு பக்கமும் இருந்து கை வரும். அதிலும் பக்கத்து வீட்டு அத்தை இருக்கிறாரே, பின்னாலிருந்து வருவார். "ஐயோ பாத்து! பாத்து!" என்று கத்திக்கொண்டே வந்து கபக்கென்று பிடிப்பார். சாக்கடை ஓரம் அம்மா விழுந்ததே அப்படித்தான். அதுவரை அம்மா நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். அத்தை வந்து காப்பாற்றினார். நெற்றியில் தையல்.

"நான் மட்டும் புடிக்கலன்னா மண்டையே போயிருக்கும்," என்று அத்தை தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பார்க்கிறவர்களெல்லாம் அவரைப் பாராட்டினார்கள்.

பயிற்சி செய்ய வீட்டுக்குள் இடம் இல்லை. தகரக் கூரை, விடிந்தாலே அடுப்பு மாதிரி. தரையும் மேடு பள்ளம். கம்பி உள்ள இடம் தோட்டத்தில் ஒன்றுதான், பெரட்டுக்களம். முன்பு விடியற்காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்களே, அந்தச் சிமிண்டுத் தளம். இப்போது அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஓரத்தில் இரும்புக் குழாயில் ஒரு தடுப்பு மட்டும் நிற்கிறது. தடுப்பைப் பிடித்து நின்றால் நேர் எதிரே மாரியம்மன் கோயில். அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, குழாயை நட்டவன் அப்படி நட்டிருக்கிறான்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். விடியற்காலை. ஒரு பொம்பளை தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு வருகிறாள். கழுத்தில் ஈரத்துண்டு. அம்மன் கோயிலைப் பார்த்துக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அடிமேல் அடி ஒட்டி வைத்துக் கோயில் பக்கமாக நடக்கிறாள். பக்கத்தில் மகன் கையை நீட்டிக்கொண்டு பயபக்தியோடு கூடவே போகிறான். எங்கள் ஊரில் இதைப் பார்த்து எக்சசைஸ் என்று நினைப்பவன் ஒருவன் இருந்தால் அவன் வெளிநாட்டுக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

உண்மையிலும் அப்படித்தான். டிராக்டரில் வேலைக்குப் போன வங்காளதேசத்து அண்ணன் ஒருவர் மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "ஆண்ட்டி, சேனாம்?" என்று கேட்டார். சேனாம் என்றால் மலாயில் உடற்பயிற்சி.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் தடுப்புக் குழாயின்மேல் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. மறுநாள் சூடம். அதற்கடுத்து கோயில் கமிட்டித் தலைவரே வந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, அம்மா காலை இறக்கும்வரை காத்திருந்தார்.

"என்ன வேண்டுதல்மா?"

"வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. எக்சசைஸு. ஆஸ்பத்திரியில குடுத்தது."

தலைவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"புரிஞ்சிச்சும்மா. வெளிய சொன்னா பலிக்காது. நான் யார்கிட்டயும் மூச்சு வுட மாட்டேன்."

அன்று மத்தியானத்துக்குள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. அம்மா எதற்காகத் தவம் இருக்கிறாள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கம்பெனி தோட்டத்தை விற்கப்போகிறது, அதைத் தடுக்க. இல்லை, எனக்கு ஒரு பெண் கிடைக்க. பக்கத்து வீட்டு அத்தை இரண்டாவதை நம்பினார். "அது ஒத்தக் கால்ல நின்னா போதாதே" என்றும் சொன்னாராம். சம்சு மாமாகூட வந்தார், சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு. அம்மாவைக் குடிகாரி என்ற அதே வாயால், "தாயே, நாலு நம்பர் மட்டும் சொல்லுங்க தாயே," என்றார். வார இறுதியில் லாட்டரிக்கு எழுத வேண்டுமாம்.

"போடா, மொதல்ல போய் மூஞ்சியக் கழுவு," என்றாள் அம்மா.

அவர் அதை அருள்வாக்காக எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஏற்றி வரும் லோரியின் நம்பரை எழுதினார். ஆறுதல் பரிசுகூட விழவில்லை. அம்மாமேல் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "மூஞ்சிய நான்தான் சரியா கழுவல" என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. எத்தனை தடவை சொல்வது? ஆனால் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்குப் பக்தி கூடியது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. உண்மையிலேயே அதிசயம்தான்.

ஒரு நாள் காலையில் அம்மா கோயில் குழாயடியில் லேசாக ஆடினாள். அத்தை பின்னாலிருந்து ஓடி வந்தார். கையும் வந்தது. அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டது.

"ஐயோ அம்மா, வெரதத்துல இருக்கறவங்கள தொடக்கூடாதே! நான் வேற காலையிலயே நெத்திலி வறுத்துட்டு வரேன்!"

கையை இழுத்துக்கொண்டார். அம்மா ஒரு நொடி ஆடி, தானாகவே நேரானாள். அத்தையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அப்பா போன பிறகு பார்த்ததில்லை.

அன்றிலிருந்து ஒருவரும் அம்மாவைத் தொடவில்லை. அவள் வருகிறாள் என்றால் வழிவிட்டு ஒதுங்கினார்கள். நடக்கிற பாதையில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களைத் தள்ளி வைத்தார்கள். நாய்களைக் கட்டினார்கள். பாதையில் கிடந்த மட்டையையும் கல்லையும் பொறுக்கினார்கள். எங்கள் வீட்டு முன் சாக்கடைக்கு ஒரு மூடி போடச் சொல்லி நான் தலைவரிடம் நடையாய் நடந்திருக்கிறேன். இப்போது கேட்காமலே வந்து போட்டார்கள், போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பயிற்சி கொடுக்கிற பெண், வீட்டைச் சுற்றித் தடுக்கி விழுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் எடுத்தாயிற்று என்றேன். பிடித்து இழுக்கிறார்களா? யாரும் தொடுவதே இல்லை. அவருக்கு ஆச்சரியம். யார் இவ்வளவு ஒத்தாசை செய்கிறார்கள் என்று கேட்டார்.

"கோயில் கமிட்டி," என்றாள் அம்மா.

எவ்வளவு நல்ல ஆட்கள் என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன். "ஏமாத்தற மாதிரி இல்லியாம்மா?"

"நான் என்னடா சொன்னேன்? எக்சசைஸுன்னுதான சொன்னேன்? சாமியா ஆக்குனது அவங்க." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். "விழாம இருக்கணும்னு வேண்டிக்கிறேன். அது வேண்டுதல் இல்லியா?"

கோயில் திருவிழா வந்தது. தலைவர் அன்றைக்கே அம்மாவின் விரதத்தை நிறைவு செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அம்மாவைக் கேட்டு அல்ல. பெரட்டுக்களத்திலிருந்து கோயில் வாசல்வரை அம்மா பால்குடம் எடுத்து அடிப்பிரதட்சணமாக வரவேண்டும். அக்காவுக்கும் அவரே போன் செய்து, "உங்கம்மாவோட வெரதம் நெறைவாவுது, குடும்பத்தோட வந்துருமா" என்று அழைத்துவிட்டார். அக்காவுக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது.

"என்னடா நடக்குது அங்க? அம்மா சாமியாராயிட்டாங்களா?" என்று என்னிடம் போனில் கத்தினாள். நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "ரெண்டு பேருக்கும் பைத்தியம். நான் வரேன். என் கண்ணு முன்னாடி விழட்டும், அன்னிக்கே பொட்டிய கட்டறேன்," என்றாள்.

அம்மா குடத்தை மட்டும் மறுத்துவிட்டாள். "கை ரெண்டும் சும்மா இருக்கணும்ணே." குடத்தை வேறொரு பெண் முன்னால் எடுத்துப் போவது என்று பேசி முடித்தார்கள். நடையை அம்மா ஒப்புக்கொண்டாள். தினமும் நடக்கிற நடைதானே, காலையில் வெயிலுக்கு முன்னால் முடிந்துவிடும்.

முடியவில்லை. சட்டமன்ற உறுப்பினர் வருவதாக இருந்தது. எங்கள் ஆட்கள் ஒய்.பி. என்பார்கள். ஒய்.பி. வந்தபிறகுதான் தொடங்க வேண்டும் என்றார் தலைவர். சூரியன் நேரத்துக்கு வந்தது, ஒய்.பி. வரவில்லை. அம்மாவை நான் மரநிழலில் உட்காரவைத்து ஈரத்துண்டை மாற்றிக்கொண்டே இருந்தேன். அக்கா, அத்தான், பிள்ளைகள் எல்லாம் வந்து இறங்கினார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிமிண்டுத் தளம் தோசைக்கல் ஆன பிறகு ஒய்.பி. வந்தார். முன் வரிசையில் வெல்வெட் உறை போட்ட நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள்.

"போவேணாம்மா. சூடு ஏறிடுச்சு," என்றேன்.

"இப்ப போவலன்னா எல்லாம் கதைன்னு தெரிஞ்சிரும்டா. நாளைக்கே எல்லாரும் வந்து புடிப்பாங்க. விழுவேன்." எழுந்தாள். "வா. கைய வெச்சுக்க."

உறுமி மேளம் தொடங்கியது. அம்மா குதியை விரலில் ஒட்டி ஒட்டி நடந்தாள். நான் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு கூடப் போனேன். பாதி தூரம் நன்றாகத்தான் போனாள். பிறகு வலது கால் நடுங்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து அத்தை ஒரு வாளியோடு ஓடி வந்தார். வேண்டுதல் எடுத்து வருகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். தொடக்கூடாது என்றுதான் சட்டம், ஊற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. வாளி முழுவதையும் ஊற்றினார். பளபளவென்று தேய்ந்த சிமிண்டு.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"உக்காரப் போறேன்," என்றாள்.

முட்டியை மடக்கினாள். கையைத் தரையில் ஊன்றினாள். மெதுவாக, பாய் விரித்து உட்காருகிற மாதிரி, அந்த மஞ்சள் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

மேளம் நின்றது. பிறகு தலைவர் மைக்கில் அலறினார்.

"அம்மன் உக்காந்துட்டா! நம்ம தோட்டத்துல அம்மன் உக்காந்துட்டா!"

மேளம் இரண்டு மடங்காக எழும்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். ஒய்.பி. கும்பிட்டார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"விழுந்துட்டாங்க! பாத்தியாடா, விழுந்துட்டாங்க!"

"விழல. உக்காந்தாங்க."

"வழுக்கி விழுந்தத உக்காந்தாங்கன்றியே, கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு?"

"அவங்களே சொல்லிட்டுத்தான் உக்காந்தாங்க! விழுறவங்க சொல்லிட்டா விழுவாங்க?"

"ரெண்டு பேரும் செத்த கம்முனு இருங்க," என்றாள் அம்மா கீழேயிருந்து. "நான் எழுந்திரிச்சிக்கிறேன்."

அக்கா குனிந்து கையை நீட்டினாள். "தொடாதம்மா!" என்று தலைவர் மைக்கிலேயே அதட்டினார். "நீ சுத்தமா வந்திருக்கியா?" வருகிற வழியில் தெமியாங்கில் நிறுத்திக் கோழி போட்ட நாசி லெமாக் சோறு சாப்பிட்டது அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது.

அம்மா அவசரப்படவில்லை. துண்டைப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு முன் வரிசையைக் கையால் காட்டினாள்.

"அந்த நாக்காலிய இப்படிப் போடுங்க."

அது ஒய்.பி. உட்கார்ந்திருந்த நாற்காலி. அம்மன் கேட்கிறாள், என்ன செய்வார்? எழுந்தார். மாலையும் கழுத்துமாக நின்றார். நான் நாற்காலியைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஒரு பக்கமாகத் திரும்பினாள். முட்டி போட்டாள். இரண்டு கையையும் வெல்வெட்டில் ஊன்றினாள். நல்ல காலை முன்னால் வைத்தாள். நின்றாள். திரும்பினாள். உட்கார்ந்தாள்.

யாரும் தொடவில்லை. தொட யாருக்கும் தைரியம் இல்லை. சீக்கு வந்த பிறகு அம்மா தரையிலிருந்து தானாக எழுந்ததை அக்கா பார்த்ததே இல்லை. நீட்டிய கையை மடக்கக்கூட மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

தலைவர் சூடம் காட்டி, "வெரதம் நல்லபடியா நெறைவாச்சு!" என்று அறிவித்தார். அவர் வாய் மூடவில்லை, அத்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். இத்தனை நாள் பிடிக்காமல் இருந்ததையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற வேகம். அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது.

"அத்த! கைய எடுங்க!"

அக்காவின் குரல். அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எங்கம்மா அடுத்த வெரதம் ஆரம்பிச்சிட்டாங்க."

"இப்பயேவா? எதுக்குமா?"

"சொன்னா பலிக்காது."

சொல்லிவிட்டு அக்கா தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். காருக்குள் அழுதாள் என்று அத்தான் பிறகு சொன்னார். மந்தின் என்ற பேச்சை அதற்குப்பிறகு அவள் எடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்தபோது குளியலறையில் மாட்டக் கைப்பிடி வாங்கி வந்தாள், வழுக்காத ரப்பர் பாயும். என்னையே மாட்டவைத்தாள், கோணல் கோணல் என்று திட்டிக்கொண்டே.

அம்மா தன் வீட்டிலேயே இருந்தாள். தானே டீ கலக்கினாள். தானே கக்கூஸுக்குப் போனாள். நாங்கள் காலையில் பெரட்டுக்களத்துக்குப் போனோம்.

மழைக் காலத்தில் சளி பிடித்தது. நெஞ்சில் இறங்கியது. எங்கள் பயிற்சியெல்லாம் நிற்பதற்கும் நடப்பதற்கும்தான். மூச்சுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, அல்லது கொடுத்து நான் கவனிக்கவில்லை, தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி ஏற்றி விட்டிருந்தார்கள், விழுந்துவிடக்கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதை எழுதும்போதும் சிரிப்புதான் வருகிறது. அழுகை எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியவில்லை. லோரியில் சிமிண்டு மூட்டை ஏற்றும்போது வருகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவில் கிடத்தினோம். தோட்டமே வந்தது. எங்கள் ஆட்கள் எழவு வீட்டில் மேலே விழுந்து அழுவார்கள், தெரியும்தானே? அன்று ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒரு சாண் தள்ளித் தள்ளி உட்கார்ந்து அழுதார்கள். அத்தை கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். சம்சு மாமா முகத்தைக் கழுவிவிட்டு வந்து வாசலிலேயே நின்றார். கடைசியில் தலைவர் அக்காவின் பக்கத்தில் குனிந்து கேட்டார். அந்த மனுஷனும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

"வெரதத்துல இருக்கறப்பவே போயிட்டாங்களேம்மா. குளிப்பாட்டணும். தொடலாமா என்னன்னு தெரியல."

அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சுண்ணே. தொடுங்க."

அப்புறம் எல்லாரும் தொட்டார்கள். கையை, காலை, நெற்றியில் அந்தத் தையல் தழும்பை. அத்தை முழங்கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும்தான்டா," என்றாள்.

எனக்குத்தான் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.